பம்பு செட் ரூமில் பதினாலு நாள்

கொரோனா வந்தவளைப் பார்த்து வயிறெரிந்தவள் யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு. உத்திரமேரூரில் இருந்தாள், பெயர் கல்பனா. அவள் வேலையே மற்றவர்கள் மனசுக்கு ஆறுதல் சொல்வதுதான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். கத்திரி வெயிலும் இரண்டாவது அலையும் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி ஒன்றாக வந்திருந்தன. ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கழுவிவிட்டு, இரண்டு மேசை, இரண்டு போன், ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை கல்பனாவுடையது. பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் மனநல ஆலோசகர். இன்னொரு மேசை சுதாவுடையது. அவள் வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான், வயதும் எட்டு குறைவு. திருப்புலிவனத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

தினமும் காலை ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து பட்டியல் வரும். தொற்று வந்து வீட்டிலேயே தனித்திருப்பவர்கள், ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள், எல்லாருடைய நம்பரும் அதில் இருக்கும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். எதிலாவது மனசு போகிறதா, அழுகை வருகிறதா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உன்னால்தான் எல்லாருக்கும் கஷ்டம் என்று தோன்றுகிறதா, படபடப்பாக இருக்கிறதா என்று போய், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறதா என்பதில் முடியும். ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். தொல்லை இல்லை என்றால் பூஜ்யம், நாள் முழுக்கத் தொல்லை என்றால் மூன்று. கூட்டிப் பார்த்தால் பத்தைத் தாண்டுகிறவர்களை மனநல டாக்டர் வேதகிரிக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் வியாழக்கிழமை மட்டும் நேரில் வருவார், மற்ற நாளில் போனில் கிடைப்பார். ஏப்ரலில் ஆளுக்கு முப்பது பேர் இருந்தார்கள். மே இரண்டாம் வாரத்தில் ஆளுக்கு எழுபது.

எழுபது பேர் எதற்கு, மாசிலாமணி ஒருத்தர் போதும். ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரக் குடிசைகளில் இருக்கிறவர், கூலி வேலை. பெண்சாதியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார், திரும்பி வந்தது ஒரு காகிதம். தினமும் ஒரே கேள்வி.

"மூட்டையா கட்டிட்டாங்க, மூஞ்சிய காட்டவே இல்லியே மேடம். அது அவதான்னு எப்புடி மேடம் நம்பறது?"

பதினேழு நாளாகக் கல்பனா இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் அவரோடு சேர்ந்து அழுதாள். இரண்டாம் வாரம் அழுகை வரவில்லை. மூன்றாம் வாரம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கையால் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டாள். விட்ட பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வீட்டில் பத்து வயது மகள் அபிநயா "அம்மா" என்று கூப்பிட்டால், "சொல்லுங்கம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்" என்று வாய் தானாகச் சொன்னது. படுத்தால் காதுக்குள் போன் மணி அடித்தது. கடைசியாக எப்போது விடியும்வரை தூங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் சுதாவுக்குப் பாசிட்டிவ் வந்தது.

கல்பனா முதலில் பதறத்தான் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. அந்தப் பதற்றம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் நர்ஸ் பாக்கியமேரி ஒரு செய்தி போட்டாள். காய்ச்சல் முகாமில் பரிசோதனைக்கு நின்ற ஒரு அம்மா பயந்து அழுதிருக்கிறாள். சுதா தன் மாஸ்க்கைக் கழற்றி, முகத்தைக் காட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றியிருக்கிறாள். அதில்தான் தொற்றிக்கொண்டதாம். செய்திக்குக் கீழே சுதாவின் படம், அதற்குக் கீழே நாற்பது கும்பிடு. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி "இதுவே உண்மையான சேவை" என்று எழுதினார். பதினோரு வருஷத்தில் அந்தக் குழுவில் கல்பனாவின் பெயர் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனதற்காக.

பாராட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பதினாலு நாளைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சுதா வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அதனால் அவளைக் கழனியில் இருந்த பம்பு செட் ரூமில் தங்க வைத்திருந்தார்கள். கல்பனாவுக்கு அந்த இடம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கலுக்குப் போய் மத்தியானம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கிணறு, தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேலே வேப்பமரம், ரூமுக்குள் ஒரு கயிற்றுக் கட்டில். மோட்டார் ஓடினால் தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. வேளாவேளைக்குச் சோறு வரப்பில் வந்து இறங்கும். போன் அடித்தால் எடுக்க வேண்டியதில்லை. இது போதாதென்று, யாரும் உள்ளே வரக் கூடாது என்று சுகாதாரத் துறையே கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கும். கிட்டே வராதே என்று அரசாங்கமே எழுதி ஒட்டுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? கொடுத்து வைத்த மகராசி. அவளுடைய எழுபது பேரும் இப்போது கல்பனாவின் தலையில் வந்து விடிந்தார்கள்.

மூன்றாம் நாள் பட்டியலில் சுதாவின் நம்பரே வந்தது. பட்டியலுக்குத் தன் ஆள், வேற்று ஆள் என்று தெரியாது. தொற்று வந்தவர்களில் அவளும் ஒருத்தி, அவளுக்கும் ஒன்பது கேள்வி கேட்டாக வேண்டும்.

"இன்னாடி, எப்புடி கீற?"

"நல்லா கீறேன்க்கா. சும்மா லேசா இருமல்."

"சரி, இத்த கேட்டு முடிச்சிடறேன். எதுலயாச்சும் மனசு போவுதா?"

"போவுதுக்கா."

"அழுவ வருதா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"தூக்கம்?"

"படுத்தா தூங்கிடறேன்க்கா. அடிச்சிப் போட்ட மாதிரி."

அந்த "அடிச்சிப் போட்ட மாதிரி" நேராகக் கல்பனாவின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. பூஜ்யத்தைப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. கேட்டதற்குத் தூங்குகிறேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகாமல், அடித்துப் போட்ட மாதிரியாம். மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதே. ஒவ்வொரு நாளும் சுதாவுக்கு நேரே ஒன்பது பூஜ்யம் விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கல்பனாவுக்கு, வேறொருத்தி தின்று முடித்த விருந்து இலையை எடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் அவளே போய்ப் பரிசோதனை வரிசையில் நின்றாள். தொண்டை கரகரவென்று இருக்கிறது என்று சொன்னாள். இருக்காதா பின்னே? ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பேரோடு பேசினால் பாறைக்கே தொண்டை கட்டும். வரிசையில் முன்னால் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். கல்பனா மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள். இடைவெளிக்காகப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி அரை அடி முன்னால் போனாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். வரட்டும், எனக்கும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று நான் சொல்ல மாட்டேன், சாமிக்கு அவமானம்.

முடிவு மறுநாள் மாலை வந்தது. நெகட்டிவ். அன்று வரிசையில் இழுத்த மூச்சு அடுத்த வாரம் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அவளால் காத்திருக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். வெளியே வந்தபோது பாக்கியமேரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கும் நெகட்டிவ் வந்தப்ப இப்புடித்தான் சந்தோஷத்துல அழுதேன்."

கல்பனா தலையாட்டினாள்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் கலைச்செல்வன் கம்பெனி மூடியதில் வீட்டோடு இருந்தான். நல்ல மனுஷன், ஆனால் எதையும் கண்ணுக்குத் தெரிந்தபடியே எடுத்துக்கொள்பவன்.

"வரலன்னு சொல்லிட்டாங்க இல்ல, அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல."

"சுதாவ நெனச்சி பேஜார் ஆவாத. அது சின்ன ஒடம்பு, தாங்கிக்கும்."

சுதாவை நினைத்துத்தான். ஆனால் அவன் நினைக்கிற மாதிரி இல்லை. அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆசை. பேரும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். சுதாவைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டு அதில் தான் படுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணி. மின்சாரம் போய் அறை வெந்துகொண்டிருந்தது. நூற்றுப் பதினொரு பேரை முடித்திருந்தாள். அடுத்தது சுதா. இன்று அந்தத் தூக்கத்தைப் பற்றி என் காதால் கேட்க மாட்டேன் என்று கல்பனா முடிவு செய்தாள். மூன்றாவது கேள்வியைக் கேட்காமலே பூஜ்யம் போட்டுவிடலாம், எப்படியும் பூஜ்யம்தானே?

"எதுலயாச்சும் மனசு போவுதா?"

"போவுதுக்கா."

"அழுவ?"

"அதெல்லாம் இல்லக்கா."

மூன்றாவதைத் தாண்டினாள். "பசி எப்புடி கீது?"

"படுத்தா தூங்கிடறேன்க்கா. அடிச்சிப் போட்ட மாதிரி."

கல்பனா பூஜ்யம் போட்டாள். "உன்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம்னு தோணுதா?"

"மூணு வேளையும் நல்லா சாப்பிடறேன்க்கா."

பூஜ்யம். இப்படியே போயிற்று. கை எழுத, வாய் கேட்க, இரண்டுக்கும் நடுவில் கல்பனா என்று ஒருத்தி இல்லவே இல்லை. கடைசிக் கேள்வியையும் கேட்டாள்.

"உசுரோட இருக்க வேணாம்னு நெனப்பு எதனா வருதா?"

"படபடப்பெல்லாம் இல்லக்கா. நெதானமாத்தான் கீறேன்."

ஒன்பதாவது பூஜ்யத்தையும் போட்டு, பேனாவை மூடினாள். வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கமிருந்து சுதாவின் குரல் வந்தது.

"இல்லக்கா. அப்புடி நெனப்பெல்லாம் வரல."

கல்பனா எதையும் கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

பழக்கத்தில் விரல் அடுத்த நம்பரை அழுத்திவிட்டது. அங்கே யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கல்பனா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தாள். பசிக்குத் தூக்கம் வந்திருந்தது. கஷ்டத்துக்குப் பசி வந்திருந்தது. கடைசியில் கேட்காத கேள்விக்கு இல்லை என்று ஒரு பதில். சுதா கேள்வியைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை. ஒன்பது பதிலை நெட்டுருப் போட்டு வைத்துக்கொண்டு வரிசையாக ஒப்பித்திருக்கிறாள். ஏழு நாளாக.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இங்கே பாம்பே பாம்பிடம் ஏமாந்து போனது. எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண், எங்கே போனால் டாக்டருக்குப் பேர் போகும் என்பதெல்லாம் சுதாவுக்கு மனப்பாடம். தொழில் தெரிந்தவளிடம் கேட்டால் தொழில் தெரிந்த பதில்தானே வரும்? வேறு யாராவது ஏழு நாளாக ஒன்பது பூஜ்யம் வாங்கியிருந்தால் கல்பனாவுக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்திருக்கும். கொரோனா வந்த ஆளுக்கு ஒரு நாள்கூடவா தூக்கம் கெடாது? ஆனால் சுதா சுகமாக இருக்கிறாள் என்று நம்புவது அவளுக்கு வேண்டியிருந்தது. வயிறெரிய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. போன் அணைக்கப்பட்டிருந்தது.

பட்டியலை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். முக்கில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார். திருப்புலிவனம் பத்து நிமிஷ வழிதான். அந்தப் பத்து நிமிஷமும் அவள் கண்ணுக்குள் வேப்பமரம் வரவில்லை, தண்ணீர்த் தொட்டி வரவில்லை. அந்தக் கிணறு மட்டும்தான் வந்தது.

வண்டியைக் களத்துமேட்டில் சாய்த்துவிட்டு வரப்பில் ஓடினாள். சுற்றிலும் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்றுவிட்ட கழனி, ஆள் நடமாட்டம் இல்லை. பம்பு செட் ரூம் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. வாசலில் மூடி வைத்த நாலு தட்டு, எதையும் தொடவில்லை, மேல்தட்டின் மூடி நகர்ந்து சோற்றில் எறும்பு. கட்டில் விரித்தபடி இருந்தது, படுத்த சுவடில்லை.

சுதா தொட்டியின் சுவரில், கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போய், கன்னம் ஒட்டி, பார்க்கிறவர்களுக்கு அடையாளமே தெரியாது.

"சுதா."

அவள் திரும்பி, மாஸ்க்கைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "கிட்ட வராதக்கா. ஒட்டிக்கும்."

கல்பனா ஆறடி தள்ளி வரப்பிலேயே நின்றாள். மூச்சு வாங்கியது. "நான் இன்னிக்கு தூக்கத்தப் பத்தி கேக்கவே இல்லடி. நீ பதில் சொல்லிட்ட."

சுதா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பரீட்சையில் வரிசை மாற்றி எழுதிவிட்ட பிள்ளையைப் போல, "மாத்திட்டேனா?" என்று கேட்டாள்.

"எத்தினி நாளா தூங்கல?"

"ஆறு. மாமாவ காஞ்சிபுரத்துக்கு கூட்டிக்கினு போனதுலேர்ந்து."

அப்போதுதான் கல்பனாவுக்கு விஷயம் தெரிந்தது. சுதாவின் மாமனார் கன்னியப்பனுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் வந்து, ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மாமியாரும் புருஷனும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார்கள். பக்கத்துக் கழனிக்காரர்கள்தான் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கன்னியப்பனின் பெயர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தது, வீட்டில் இருப்பவர்கள் பட்டியலில் இல்லை. அதனால் கல்பனாவின் மேசைக்கு வரவே இல்லை.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஏன், எப்புடின்னு கேப்ப."

"அந்த அம்மாவுக்கு தைரியம் சொல்லப் போயி வந்தது. அதுல உன் தப்பு இன்னா கீது?"

சுதா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க நன்றாக இல்லை.

"எல்லாருக்கும் அப்புடித்தான்கா சொல்லி வெச்சேன். பொய். அந்த அம்மா அழுதது நெசம், நான் மாஸ்க்க கழட்டினது அதுக்காவ இல்ல. எனக்கு வரட்டும்னு கழட்டினேன். பதினாலு நாளு எவனும் போன் பண்ணாம, எவன் அழுவறதயும் கேக்காம படுத்துக்கினு கெடக்கணும். அவ்ளோதான் ஆச. அந்த அம்மா கைய புடிச்சிக்கினு, அவ மூச்சு என் மேல படட்டும்னு நின்னேன். ரெண்டு நாளு ஒண்ணும் இல்ல, வூட்லதான் இருந்தேன். மாமாவுக்கு நான்தான் நாஷ்டா எடுத்து வெச்சேன். இப்ப அந்த மனுசன் மூச்சுக்கு தவிக்கிறாரு. ஊரு என்னிய கும்புடுது."

கல்பனா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்பு வட்டமும், இருமின கிழவரும், இழுத்த மூச்சும் ஞாபகம் வந்தன. கூடவே அபிநயாவின் முகம் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் எப்படியாவது தப்பித்திருப்பாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இவளுக்கு வராமலே தெரிந்தது.

"ஒம்பதாவது கேள்விய இப்ப கேக்கறேன்" என்றாள். "ஒப்பிக்காம சொல்லு. வருதா?"

காற்றில் வேப்பம்பூ உதிர்ந்து தொட்டித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. சுதா தலையைக் குனிந்துகொண்டாள். கல்பனா அவசரப்படுத்தவில்லை. பதினோரு வருஷத்தில் கற்றுக்கொண்டு, இந்த ஒரு மாதத்தில் மறந்துபோன ஒரே வித்தை அதுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது.

"நேத்து வந்துது. இன்னிக்கு காலையிலயும்."

"சரி. மொதல்ல அங்கேர்ந்து எறங்கு. இந்தப் பக்கமா வந்து மரத்தடியில உக்காரு."

சுதா இறங்கி வந்து உட்கார்ந்தாள். கல்பனா போனை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"டாக்டருக்கு சொல்லாதக்கா. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் ரெனிவல். புத்தி சொல்றவளுக்கே புத்தி கெட்டுப்போச்சுன்னா எவன் வேல குடுப்பான்? நாலு போடு, அஞ்சு போடு. பத்துக்கு மேல போடாத."

இந்த இடத்தில் கல்பனாவின் மனசுக்குள் என்ன ஓடியது என்பதைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். டாக்டருக்குச் சொன்னால் இவளுக்கு இன்னும் லீவு கிடைக்குமே என்று ஓடியது. அவ்வளவுக்குப் பிறகும், அந்த முகத்தைப் பார்த்த பிறகும். பொறாமைக்கு இடம் பொருள் கிடையாது, சாவு வீட்டிலும் பந்திக்கு முந்தும். கல்பனா அதை விரட்டவில்லை. விரட்டினால் போகாது என்று இந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டிருந்தாள். அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே நம்பரை அழுத்தினாள்.

"சார், கல்பனா பேசறேன். அவசரம். ரெண்டு பேரு கீறாங்க."

"சொல்லுங்க" என்றார் வேதகிரி. அவர் குரலும் உலர்ந்துபோய்தான் இருந்தது.

"ஒருத்தர் நம்ப சுதா. மாமனாரு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன்ல கீறாரு. ஆறு நாளா தூக்கமில்ல, சாப்பாடு இல்ல. ஒம்பதாவது கேள்விக்கு ஆமாங்கறா. மூணு போடறேன். நான் இப்ப அவகூடத்தான் கீறேன்."

"தனியா விடாதீங்க. நான் கெளம்பறேன், ஒரு மணி நேரத்துல வந்துடறேன். அவங்களை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாம், மாமனார் இருக்கிற அதே எடம். பக்கத்துல இருந்தா அவங்களுக்கும் நல்லது. ரெண்டாவது யாரு?"

சுதா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் சார். நான் ஒரு மாசமா தூங்கல. நாலு நாளு முன்னால டெஸ்ட் லைன்ல மாஸ்க்க எறக்கிவுட்டுக்கினு நின்னேன். எனக்கு வரணும்னு. என் வூட்லயும் ஒரு கொயந்த கீது சார்."

மரத்தடியில் சுதா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். ஆறு நாளில் அவள் அழுவது அதுதான் முதல் தடவை.

"உனுக்கு வந்துது, எனுக்கு வரல" என்றாள் கல்பனா அவளைப் பார்த்து. "நமக்குள்ள வித்தியாசம் அவ்ளோதான்டி."

வேதகிரி கனைத்துக்கொண்டார். "கல்பனா, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. சுதாவுக்கு இதெல்லாம் சரியானதும் மேல ஒரு மாசம் லீவுக்கு எழுதறேன். ரெனிவல் என் பொறுப்பு, அதை அவங்ககிட்ட சொல்லுங்க. உங்களுக்கும் எழுதறேன். ஆனா வேற ஆளே இல்ல. நாலு நாள் முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

"சரிங்க சார்" என்று சொல்லி வைத்தாள்.

வைத்ததும் சுருக்கென்றது. அவளுக்கு ஒரு மாசம், எனக்கு நாலு நாளா? பத்து நாளாக இந்தச் சுருக்கை வெளியே காட்டாமல், நல்ல அக்காவாக நடித்து நடித்து அவள் அலுத்துப் போயிருந்தாள்.

"சுதா."

"சொல்லுக்கா."

"எனுக்கு உன் மேல பொறாமையா கீதுடி. நீ இந்த ரூமுக்கு வந்த நாள்லேர்ந்து. இந்த நிமிசம்கூட."

சுதா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் பேசும்போது எல்லாருக்கும் பிடித்துப்போகிற அந்தப் பழைய குரலில் கேட்டாள்.

"எவ்ளோக்கா? பூஜ்யமா, மூணா?"

"மூணு."

"நாளு முழுக்கவா?"

"நாளு முழுக்க."

"போட்டுக்கோ" என்றாள் சுதா. வாசலில் இருந்த தட்டுகளில் எறும்பு ஏறாத ஒன்றைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து, மடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்க்கை இறக்கி ஒரு பிடி சோற்றை வாயில் வைத்துவிட்டு, விழுங்க முடியாமல் நெடுநேரம் மென்றாள். கல்பனா ஆறடி தள்ளி வரப்பில் உட்கார்ந்தபடி, அவள் விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே டாக்டரின் காருக்காகக் காத்திருந்தாள்.